நண்பர்களோடு காரில் கற்கால ஓவியக் குகைகள்: பிரான்ஸ்–ஸ்பெயின் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு பிரான்சின் வெஸேர் பள்ளத்தாக்கில் தொடங்கி வடக்கு ஸ்பெயினின் கந்தாப்ரியா வரை, கற்கால மனிதர் வரைந்த மூல ஓவியங்களை இன்றும் நேரில் பார்க்க முடிகிற குகைகள் ஒரே சாலைப் பயணத்தில் அடங்கிவிடும். மூன்று நான்கு பேர் சேர்ந்து வாடகைக் காரில் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பல பதில்களுக்கு அடிப்படை ஒன்றுதான்: முதலில் குகை டிக்கெட், அப்புறம் தங்குமிடம், கடைசியில் கார். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் பூட்டிய வாசலில் நிற்கிறார்கள்.

எந்தக் குகைகள், எந்த வரிசையில்? எத்தனை நாள் வேண்டும்?

எட்டு ஒன்பது நாள் இருந்தால் ஆற அமரப் பார்க்கலாம். முதல் மூன்று இரவும் வெஸேர் பள்ளத்தாக்கின் லெஸ் எய்சீ ஊரில் அல்லது அதன் பக்கத்தில் தங்குங்கள். ஃபோன்-டெ-கோம், கொம்பரெல் குகைகள் இரண்டும் ஊரை ஒட்டியே இருக்கின்றன. ரூஃபின்யாக் அரை மணி நேரத்துக்குள். லாஸ்கோ குகை இருக்கும் மோன்டின்யாக் சுமார் 25 கி.மீ. நான்காம் நாள் தெற்கே கப்ரெரே போய் பெஷ் மெர்ல் குகை. மலைச் சாலை என்பதால் நூறு கி.மீ. தூரத்துக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்தாம் நாள் துலூஸ் வழியாகப் பிரனீஸ் மலையடிவாரத்தில் தராஸ்கோன் ஊருக்குப் பக்கத்திலுள்ள நியோ.

நியோவிலிருந்து ஸ்பெயினின் சாந்தியானா டெல் மார் 600 கி.மீ.க்குக் குறையாது. அன்றைக்குக் குகை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். பாஸ்க் பகுதியில் செஸ்தோவா ஊரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை அங்குள்ள எக்கைன் குகையின் நகலைப் பார்த்துவிட்டுப் போவது உடம்புக்கு நல்லது. கடைசி இரண்டு நாள் கந்தாப்ரியாவில் எல் காஸ்தியோ, கொவலானாஸ், அல்தமிரா.

ஷோவே குகையின் நகலையும் இதில் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது கிழக்கே ஆர்தேஷ் பகுதியில் இருக்கிறது. வெஸேரிலிருந்து போக நடுவில் மாசிஃப் சென்ட்ரல் மலைத்தொடரைத் தாண்டியாக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்கோவில் பார்ப்பது மூல ஓவியமா, நகலா?

நகல். மூலக் குகை 1963-லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 1983-ல் திறந்த லாஸ்கோ 2 முக்கியமான இரண்டு கூடங்களின் நகல். 2016 டிசம்பரில் திறந்த லாஸ்கோ 4, பொதுமக்கள் பார்த்துவந்த குகையைக் கிட்டத்தட்ட முழுதாக வடித்தது. ஷோவே குகை 1994 டிசம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது முதலே பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. அதன் நகல் 2015-ல் வந்தது. அல்தமிரா மூலக் குகைக்குள் 2014-லிருந்து வாரத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கில்தான் விட்டார்கள். அதை நம்பி யாரும் பயணத் திட்டம் போட வேண்டாம். பக்கத்து அருங்காட்சியகத்தில் உள்ள நகலைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மூடினார்கள்? பார்வையாளர் மூச்சு விட்டால் குகைக்கு என்ன ஆகிவிடும்?

1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் லாஸ்கோவைக் கண்டுபிடித்தார்கள். 1948-ல் வாசலை அகலப்படுத்தி, படி கட்டி, விளக்குப் போட்டுத் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே கூட்டம் மிகுந்த நாள்களில் ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள்.

ஒரு ஆள் சும்மா நின்றாலே சுமார் 100 வாட் வெப்பம் வெளிவரும். வெளியே விடும் மூச்சில் கரியமில வாயு ஏறக்குறைய 4 சதவீதம், வெளிக்காற்றில் இருப்பதைப் போல நூறு மடங்கு. கூடவே ஈரம். இந்த ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து நீராகிறது. கரியமில வாயு அதில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அமிலம் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. கூட்டம் போனதும் வாயு குறையும், கரைந்த சுண்ணாம்பு கால்சைட்டாக மறுபடி படியும். அதுதான் ஓவியத்தின்மேல் வெள்ளைத் திரையாக நின்றுவிடுகிறது. விளக்கு வெளிச்சம் பாசியை வளர்க்கும். செருப்போடு மண்ணும் மகரந்தமும் பூஞ்சை வித்துகளும் வந்து சேரும். லாஸ்கோ சுவர்களில் பச்சைப் பாசி படர்ந்த பிறகு, அப்போதைய கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அதை மூடினார். மூடியும் தொல்லை தீரவில்லை. 2001-ல் வெண்பூஞ்சை பரவியது, பின்னாளில் கரும்புள்ளிகளும் வந்தன.

இன்று திறந்திருக்கும் குகைகளில் ஆள் கணக்கு அவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுதான் காரணம். பெஷ் மெர்லில் ஒரு நாளைக்கு 700 பேர், அதற்குமேல் ஒருவரும் இல்லை. நண்பர் ஒருவர் மட்டும் டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறார், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் கெஞ்சினாலும் நடக்காது.

நகலைப் பார்க்க அவ்வளவு தூரம் போவது வீண்தானே?

இல்லை. லாஸ்கோ 4-ல் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளமும் லேசர் அளவெடுத்து வார்க்கப்பட்டு, அதன்மேல் ஓவியர்கள் கையால் வரைந்திருக்கிறார்கள். காளைகளின் கூடத்தில் உள்ள பெரிய காளை ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். அந்த அளவு எந்தப் புத்தகத்திலும் மனதில் ஏறாது. அல்தமிராவின் நகல் கூரையிலும் பைசன் என்ற காட்டெருமைகளின் உடம்பு பாறையின் புடைப்போடு பொருந்துவதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு வரிசை உண்டு. முதலில் நகல், பிறகு மூலம். நகலில் வண்ணம் பளிச்சென்று தெரியும், கண் பழகும். அந்தப் பழக்கத்தோடு ஃபோன்-டெ-கோம் போனால்தான் மங்கிய கோடுகள் பிடிபடும். நேராக மூலத்துக்குள் நுழைபவர்களில் பாதிப் பேர் "எங்கே இருக்கிறது?" என்று கேட்டபடியே வெளியே வருகிறார்கள். லெஸ் எய்சீயில் உள்ள தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தையும் முதல் நாளிலேயே முடித்துவிடுங்கள்.

மூல ஓவியங்கள் எங்கெங்கே? ஒவ்வொன்றிலும் என்ன விசேஷம்?

ஃபோன்-டெ-கோம்: பல வண்ண மூல ஓவியங்களைப் பொதுமக்கள் இன்னும் பார்க்க முடிகிற அரிய இடம். 1901-ல் தெனி பெய்ரோனி இங்குள்ள ஓவியங்களை அடையாளம் கண்டார். வழிகாட்டி விளக்கைச் சுவருக்கு நேராகக் காட்ட மாட்டார், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார். அப்போது வெறும் பழுப்புக் கறையாக இருந்த இடத்தில் முதுகு, வயிறு, கால் என்று ஒரு பைசன் புடைத்து எழும். இரண்டு பனிமான்கள் எதிரெதிரே நிற்கும் இடத்தில், ஒன்று குனிந்து மற்றதன் நெற்றியை நக்குகிறது. அந்த நாக்கு பாறையில் கீறிய மெல்லிய கோடுதான். விளக்கு சற்று நகர்ந்தால் காணாமல் போகும்.

கொம்பரெல்: வண்ணம் அநேகமாக இல்லை, கீறல்களே. நூற்றுக்கணக்கான உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். பொறுமையுள்ளவர்களுக்கு மட்டும்.

ரூஃபின்யாக்: மின்சார ரயிலில் உட்கார்ந்தே போகலாம். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாமூத் (அழிந்துபோன ரோம யானை) உருவங்கள் இங்கே உண்டு. தரையில் உள்ள வட்டக் குழிகள் குகைக் கரடிகள் குளிர்காலத்தில் உறங்கிய இடங்கள். சுவரில் நகக் கீறல்களும் அப்படியே இருக்கின்றன.

பெஷ் மெர்ல்: புள்ளிக் குதிரைகள். வலப்பக்கக் குதிரையின் தலையைப் பாறையே வெட்டித் தந்திருக்கிறது. ஓவியர் அந்த விளிம்பைப் பார்த்துத்தான் குதிரையையே நினைத்திருக்க வேண்டும். சாயத்தை வாயில் வைத்து ஊதித் தெளித்து இதை வரைந்திருக்கலாம் என்பதை மிஷேல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர் தானே செய்து காட்டினார்.

நியோ: உள்ளே நிலையான மின்விளக்கு கிடையாது. வாசலில் தரும் கைவிளக்கோடு ஏறக்குறைய 800 மீட்டர் நடந்தால் 'கருங்கூடம்' என்ற ஓவிய அறை. கரிய கோடுகளில் பைசன், குதிரை, மலையாடு. ஒரே ஒரு குகைக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு எங்கள் பதில் நியோதான். அங்கே ஓவியத்தோடு இருட்டையும் தூரத்தையும் சேர்த்தே பார்க்கிறீர்கள்.

எல் காஸ்தியோ: புவெந்தே வியெஸ்கோ ஊரில். இங்குள்ள சிவப்பு வட்டு ஒன்று குறைந்தது 40,800 ஆண்டு பழையது என்று 2012-ல் கணக்கிட்டார்கள்.

டிக்கெட் எடுப்பதில் எங்கே தப்பு நடக்கிறது?

ஃபோன்-டெ-கோம், கொம்பரெல் இரண்டிலும் சிறு சிறு குழுவாகத்தான் விடுகிறார்கள். கொம்பரெல்லில் ஒரே கார்க் கூட்டம் ஒரு குழுவையே நிரப்பிவிடும். கோடையில் நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் இடம் கிடைப்பது கடினம். கிடைக்காவிட்டால் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து எடுங்கள். வெளியே காத்திருப்பவர்களுக்குப் பள்ளத்தாக்கில் நடக்க நிறைய இடம் இருக்கிறது. முன்பதிவு எந்தத் தேதியில் திறக்கிறது என்பதை ஒவ்வொரு குகையின் அதிகாரபூர்வத் தளத்திலும் முதலில் பார்த்துக் குறித்துவையுங்கள். இடைத்தரகர் தளங்கள் நகல் குகையின் டிக்கெட்டையே மூலம் போலக் காட்டி விற்பதுண்டு.

அடுத்து, மொழி. பெரும்பாலான சுற்றுகள் பிரெஞ்சு அல்லது ஸ்பானிஷ். ஆங்கிலச் சுற்றுக்கு நாளில் ஓரிரு நேரங்கள்தான். நேரத்தை மட்டும் பார்த்து எடுத்தால் ஒன்றும் புரியாத சுற்றில் மாட்டிக்கொள்வீர்கள். டிக்கெட்டில் நேரம் 24 மணி முறையில் இருக்கும். பதினைந்து நிமிடம் முன்னால் வரச் சொன்னால் அந்த நேரத்தில் வரவேற்பு மேசையில் நிற்க வேண்டும், பார்க்கிங்கில் அல்ல. ஃபோன்-டெ-கோம் வாசலுக்கு வரவேற்பிடத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் மேட்டில் ஏற வேண்டியிருக்கும். நியோவுக்கு மலைமேல் வளைந்து ஏறும் சாலை. குழு உள்ளே போய்விட்டால் கதவைத் திறக்க மாட்டார்கள், பணமும் திரும்பாது. டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வையுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும்.

திங்கட்கிழமைகளில் அல்தமிரா அருங்காட்சியகம் மூடியிருக்கும். கந்தாப்ரியாவின் மற்ற குகைகளுக்கும் அநேகமாக அதே விடுமுறைதான். ஸ்பெயின் பகுதியைச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். குளிர்காலத்தில் ரூஃபின்யாக் உட்படப் பல குகைகள் மூடிவிடும். ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட்டுக்கும் சாலைக்கும் போட்டி. அந்த மாதச் சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். பிரான்சின் போக்குவரத்துத் தகவல் சேவையான பிசோன் ஃபூத்தே ஒவ்வொரு நாளையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று முன்கூட்டியே வண்ணமிட்டுச் சொல்லிவிடும். கறுப்பு நாளில் வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது.

ஒரு நாளைக்கு எத்தனை குகை?

இரண்டு. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, நடுவில் மூன்று மணி நேரமாவது இடைவெளி. மூன்றாவது குகையில் எந்த பைசனை எங்கே பார்த்தோம் என்பதே குழம்பிவிடும்.

லைசென்ஸ், வாடகைக் கார் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

இந்திய அல்லது இலங்கை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் மூல லைசென்ஸையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் செல்லாது. ஐரோப்பிய லைசென்ஸ் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டெபாசிட்டைப் பிடித்து வைக்க முதன்மை ஓட்டுநரின் பெயரில் கிரெடிட் கார்டு கேட்பார்கள், நண்பரின் கார்டை ஏற்க மாட்டார்கள். எனவே கார்டு யாருடையதோ அவர் பெயரிலேயே காரைப் பதியுங்கள்.

இரண்டாவது ஓட்டுநரின் பெயரை ஒப்பந்தத்தில் சேர்த்தே ஆக வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். ஸ்பெயினுக்குள் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிரான்சில் எடுத்து ஸ்பெயினில் விட்டால் கூடுதல் கட்டணம் மிக அதிகம். கந்தாப்ரியா வரை போய்விட்டு பிரான்சின் போர்தோ நகருக்குத் திரும்பி அங்கேயே விடுவது பெரும்பாலும் மலிவு. கியர் வேண்டாம் என்பவர்கள் ஆட்டோமேட்டிக்கை முன்கூட்டியே கேட்க வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது.

ஐந்து இருக்கை என்று போட்டிருந்தாலும் நான்கு பேர்தான் வசதி. ஐந்தாவது ஆளின் பெட்டி டிக்கியில் அடங்காமல் மடியில் வந்து உட்காரும். அது வெளியில் தெரிவதே திருட்டுக்கு அழைப்பு.

சாலையில் புதியவர்கள் எங்கே மாட்டுகிறார்கள்?

பெட்ரோல் பங்கில். பிரான்சில் 'கஸோல்', ஸ்பெயினில் 'கஸோலெயோ' என்று எழுதியிருப்பது டீசல். காதுக்குப் பெட்ரோல் போலக் கேட்பதால் பெட்ரோல் காரில் டீசலை நிரப்பிவிடுகிறார்கள். பெயரைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள்: வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். டாங்கி மூடியின் உள்பக்கத்திலும் இதே அடையாளம் ஒட்டியிருக்கும். தப்பாகப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜின் ஓடாதவரை டாங்கியை வடித்தால் போதும். ஓடிவிட்டால் எரிபொருள் குழாய் முழுவதும் சுத்தம் செய்ய வேண்டிவரும். ஞாயிற்றுக்கிழமை கிராமப் பங்குகளில் ஆள் இருக்காது, பின் எண் உள்ள கார்டு மட்டுமே வேலை செய்யும்.

டோல் வாசலில் ஆரஞ்சு நிற ஆங்கில 't' எழுத்து மட்டும் உள்ள தடத்தில் நுழையாதீர்கள், அது வண்டியில் கருவி பொருத்தியவர்களுக்கு. பச்சை அம்பு அல்லது கார்டு படம் உள்ள தடம்தான் உங்களுக்கு. நுழையும்போது எடுத்த சீட்டை ஒரே ஆளிடம் கொடுத்து வையுங்கள்.

பிரான்சின் கிராமங்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கே முதல் உரிமை. சின்னச் சந்திலிருந்து கிழவர் ஒருவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியைச் சாலையில் ஏற்றினால் சட்டம் அவர் பக்கம். வேக வரம்பு: பிரான்சின் மோட்டார்வழியில் 130, மழையில் 110, சாதாரண இருவழிச் சாலையில் 80 (சில மாவட்டங்களில் 90). ஸ்பெயினில் 120, 90.

உள்ளே போக என்ன உடுத்துவது? பையை என்ன செய்வது?

வெளியே 35 டிகிரி வெயில் அடித்தாலும் உள்ளே ஆண்டு முழுவதும் 12 முதல் 14 டிகிரி, ஈரம் நூறு சதவீதத்தை ஒட்டி. ஒரு மணி நேரம் மெதுவாக நிற்பதால் நடப்பதைவிடக் குளிரும். முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று, முழுக்கால் சட்டை, அடிப்பகுதியில் பிடிப்புள்ள மூடிய ஷூ. நியோவில் தரை வழுக்கும், செருப்போடு வந்தால் தடுத்துவிடலாம். கண்ணாடி போட்டவர்கள் வெளியே வரும்போது பனிபடர்ந்து இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. படியில் அல்ல, வாசலைத் தாண்டி நின்று துடையுங்கள்.

முதுகுப் பையை உள்ளே விட மாட்டார்கள், ஏனென்றால் திரும்பும்போது அது சுவரில் உரசும். அதைப் பார்க்கிங்கில் வந்து டிக்கியில் திணிப்பதை யாரோ பார்த்துக்கொண்டிருப்பார். குகைக்கு முந்தின நிறுத்தத்திலேயே டிக்கிக்குள் வைத்து மூடிவிடுங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு.

சொந்த டார்ச், கேமரா?

மூலக் குகைகளில் படம் எடுக்கக் கூடாது, ஃபிளாஷ் இல்லாமலும் கூடாது. நகல்களில் இடத்துக்கு இடம் விதி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த டார்ச்சை வழிகாட்டி சொல்லாமல் எரிக்காதீர்கள். ஒருவர் எரித்தால் மற்ற எல்லோருடைய கண்ணும் இருட்டுக்குப் பழக மறுபடி பத்து நிமிடம் ஆகும்.

இடுக்கான இடம் என்றால் பயம், முழங்கால் வலி. வரலாமா?

குகையைப் பொறுத்தது. லாஸ்கோ 4 சக்கர நாற்காலிக்கும் ஏற்றது. ரூஃபின்யாக்கில் ரயில் இருப்பதால் முழங்காலுக்குப் பிரச்சினை குறைவு, கூடமும் அகலம். கொம்பரெல் நீண்ட ஒடுக்கமான வழி, இடுக்குக்குப் பயந்தவர்கள் அதைத் தவிர்க்கலாம். கொவலானாஸுக்கு மலையில் ஏறி நடக்க வேண்டும். பயம் உள்ளவர் வரிசையில் வழிகாட்டிக்கு அடுத்ததாக நிற்கட்டும். பாதியில் முடியாது என்று தோன்றினால் முழுக் குழுவும் திரும்ப நேரலாம், அதனால் உள்ளே போகுமுன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுவது நல்லது. சில குகைகளில் சிறு குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு.

இவ்வளவு பழையது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கரியால் வரைந்ததில் கார்பன் இருக்கிறது, ஊசிமுனை அளவு சுரண்டிக் காலம் கணிக்கலாம். செங்காவியில் கார்பன் இல்லை. அங்கே ஓவியத்தின்மேல் படிந்த கால்சைட் படலத்தை எடுத்து, அதில் யுரேனியம் எவ்வளவு தோரியமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். படலம் ஓவியத்துக்குப் பிறகு வந்தது. எனவே அது தருவது குறைந்தபட்ச வயதுதான். எல் காஸ்தியோவின் 40,800 அப்படிப்பட்ட எண். செய்திகளில் 'குறைந்தது' என்ற சொல் விழுந்துபோவதால்தான் இணையத்தில் இத்தனை சண்டை.

இந்த ஓவியங்களையே மோசடி என்ற காலமும் உண்டு. 1879-ல், அல்தமிராவை ஆராய்ந்துகொண்டிருந்த சாவுத்துவோலாவின் மகள் அதன் கூரையில் பைசன்களைப் பார்த்தாள். சாவுத்துவோலா அறிவித்ததை அறிஞர்கள் ஏற்கவில்லை, 1888-ல் அவரும் இறந்துபோனார். எதிர்த்தவர்களில் முக்கியமானவரான எமீல் கார்தையாக் 1902-ல்தான் தவறை ஒப்புக்கொண்டு எழுதினார்.

நண்பர்களுக்குள் சண்டை வராமல் இருக்க?

ஓட்டுபவர் வேறு, வழி சொல்பவர் வேறு, டிக்கெட்டும் நேரமும் பார்ப்பவர் வேறு. மூன்றும் ஒருவர் தலையில் விழுந்தால் மூன்றாம் நாள் வெடிக்கும். பணத்துக்குப் பொதுக் கணக்கு ஒன்று. ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை எடுத்த பிறகு யாராவது பின்வாங்கினால் அந்தப் பங்கு அவருடையதே என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். குகையில் ஆர்வமில்லாத ஒருவர் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார். அவருக்கு லாஸ்கோ 4, ரூஃபின்யாக் இரண்டு மட்டும் போதும், மீதி நேரத்துக்கு வெஸேர் ஆற்றில் படகு இருக்கிறது.

பலகை இல்லாத குகை ஒன்று தெரிந்தால் நாமே நுழையலாமா?

வேண்டாம். சுண்ணாம்பு மலையில் எங்கோ தொலைவில் பெய்த மழை சில மணி நேரத்தில் குகைக்குள் வெள்ளமாக வரும், வாசலில் வானம் தெளிவாகவே இருக்கும். காற்றோட்டமில்லாத பள்ளத்தில் கரியமில வாயு தேங்கி நிற்கும். மார்செய் பக்கத்தில் கடலுக்கடியில் 37 மீட்டர் ஆழத்தில் வாசல் உள்ள கோஸ்கே குகையில் 1991-ல் மூன்று முக்குளிப்பாளர்கள் வழி தவறி இறந்தார்கள். குகைக்குள் ஊர்ந்து போகும் அனுபவம்தான் வேண்டும் என்றால், நியோ இருக்கும் ஆரியேஜ் பகுதியில் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு அதற்கென்று உள்ள குகைக்குப் போங்கள். ஹெல்மெட்டும் விளக்கும் அவரே தருவார். முடிந்ததும் அதே உடையோடும் ஷூவோடும் ஓவியக் குகைக்குள் போகக் கூடாது, சேற்றோடு பூஞ்சை வித்தும் கூடவே வரும்.

பாறையடியில் கற்கால மனிதர் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல் கிடந்தால் எடுக்கலாமா?

கூடாது. கிடந்த இடமும் மண்ணடுக்கும் போனால் அந்தக் கல்லுக்குத் தகவல் மதிப்பு இல்லை, எடுத்தவருக்கு வழக்கு மட்டும் மிஞ்சும். தொடாமல் படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள்.